கொரியன் புல் மே மாதத்தில் பழுத்துக் கருகுகிறது. பயோஸ்டிமுலன்ட் அடித்தால் வெயிலைத் தாங்குமா?

வீட்டு முன்னால் போட்ட புல்தரை என்று நினைக்கிறேன். பயோஸ்டிமுலன்ட், அதாவது செடியின் வளர்ச்சியைத் தூண்டிவிடும் பொருள் என்று கடைக்காரர் கடற்பாசிச் சாறு பாட்டிலைக் காட்டியிருப்பார். கொஞ்சம் தாங்கும். ஆனால் வெயில் வருவதற்கு முன்பே அடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். கருகிய புல்லை அது மீட்காது.

நான் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியின் கிரிக்கெட் மைதானத்தைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பெர்முடா புல். முதல் தடவை நான் செய்தது முழுத் தப்பு. ஏப்ரல் கடைசியில், புல் பழுப்பேறிய பிறகு, மதியம் இரண்டு மணிக்கு, யூரியாவையும் சேர்த்துக் கலக்கி அடித்தேன். இரண்டே நாளில் இலை நுனியெல்லாம் தீய்ந்துவிட்டது. நிர்வாகத்திடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வருடம் பிப்ரவரி கடைசியிலேயே ஆரம்பித்தேன். 15 நாளுக்கு ஒரு முறை, காலை வேளையில், லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி சாறு. பவுண்டரி ஓரமாக ஒரு பட்டையை மட்டும் வேண்டுமென்றே அடிக்காமல் விட்டேன். மே மாதத்தில் அந்தப் பட்டையில் காலை பத்து மணிக்கே மிதித்த கால் தடம் அப்படியே நின்றது. அடித்த இடத்தில் புல் நிமிர்ந்துகொண்டது. தோண்டிப் பார்த்தேன், வேரும் அங்கே கூடுதல்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதே வருடம் மைதானம் முழுக்க வெட்டும் உயரத்தை 12 மில்லிமீட்டரிலிருந்து 20-க்கு ஏற்றினேன், இறுகின மண்ணில் துளை போட்டு மணல் நிரப்பினேன். அடிக்காத அந்தப் பட்டைகூட முந்தின வருடத்தைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது என்றால் அதற்குக் காரணம் இவைதான்.

வேளாண்மை படித்தவர்கள் கோபப்பட வேண்டாம், எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பயோஸ்டிமுலன்ட் உரம் இல்லை, சத்து கொடுக்காது. சூட்டில் வேர் தளரும்போது அது இலைக்கு அனுப்பும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, இலை சீக்கிரம் மூப்படைகிறது. கடற்பாசியில் அந்தச் சைட்டோகைனினும், செடி சூட்டையும் வறட்சியையும் தாங்க உதவும் பீட்டைன் என்ற பொருளும் இருப்பதால் மூப்பு தள்ளிப்போகிறது. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிங்ரூ ஹுவாங் இந்தச் சூட்டுப் பிரச்சினையை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். ஆனால் அவர் அதிகம் ஆராய்ந்தது கோல்ஃப் மைதானத்து பென்ட் புல்லை. அது 15 முதல் 24 டிகிரியில் சுகமாக வளரும் குளிர்நாட்டுப் புல், அதற்குச் சூடே எமன். நம் பெர்முடாவும் கொரியனும் 27 முதல் 35 டிகிரியை விரும்புகிறவை. இங்கே புல்லைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்ப் பற்றாக்குறை, உப்புத் தண்ணீர், இறுகின மண், ஒட்ட வெட்டுவது. அதனால் பாட்டிலுக்குக் காசு கொடுக்கும் முன் உங்கள் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. எதிரியும் இல்லை. 2021-ல்தான் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் பயோஸ்டிமுலன்ட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஆளாளுக்கு எதையோ அடைத்து விற்றார்கள். பதிவு விவரம் அச்சடிக்காத பாட்டிலைத் தொடாதீர்கள்.

கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். என் சித்தி ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊர்க் கடலில் மூங்கில் மிதவையில் கடற்பாசி கட்டி வளர்க்கிறவர். கட்டினால் 45 நாளில் அறுவடை. இடுப்பளவு தண்ணீரில் நின்று நின்று கால் வெடித்துப்போயிருக்கிறது. கடல் சூடாகிற வருடங்களில் பாசி வெளுத்து அழுகி, கட்டினதெல்லாம் கயிற்றோடு போகும். நம் புல்லை வெயிலிலிருந்து காப்பாற்றுகிற பாசிக்கே சூடு தாங்குவதில்லை. அந்த நஷ்டம் மொத்தமும் சித்தி தலையில்தான் விழும், வாங்குகிறவர் ஒரு பைசா தர மாட்டார். போன வருடம் மைதானத்துக்கு வந்தபோது பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இது நம்ம பாசிதானடா" என்றார். அப்புறம் விலையைக் கேட்டார். சொன்னேன். பாட்டிலை மூடி வைத்துவிட்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.