அப்பா குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பாம்பர் கமாண்டில், அதாவது குண்டுவீச்சு விமானப் பிரிவில், பறந்தவர்களின் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட, அவர்களோடு பழகிய தமிழர்கள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். பல வருடங்களாக இந்த ஸ்குவாட்ரன் (விமானப் படைக்குழு) பதிவேடுகளைப் படித்துவருபவன் என்ற முறையில் எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மாமனார் ஏர் கன்னராக, அதாவது விமானத்தில் துப்பாக்கி இயக்குபவராக, இருந்தவர். போரைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததே இல்லை. அவர் காலமாகி வெகுநாள் கழித்து, பரணில் நீல அட்டை போட்ட லாக் புக் (பறந்த கணக்கை எழுதும் ஏடு) ஒன்று கிடைத்தது. எல்லாம் தேதியும் ஊர்ப் பெயருமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? (லண்டன்)

அவரைத் தேடாதீர்கள் அம்மா, அவருடைய குழுவைத் தேடுங்கள். எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களில் வழக்கமாக ஏழு பேர்: பைலட், ஃப்ளைட் இன்ஜினியர், நேவிகேட்டர், குண்டு வீசுபவர், வயர்லெஸ் ஆபரேட்டர், விமானத்தின் நடு முதுகில் ஒரு கன்னர், வாலில் ஒரு கன்னர். பயிற்சிக் காலத்தில் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்து ஒன்றுசேர்ந்த இவர்கள், பெரும்பாலும் கடைசிவரை ஒன்றாகவே பறந்தார்கள். ஒருவர் வீட்டில் லாக் புக் இருக்கும், இன்னொருவர் வீட்டில் போட்டோ, மூன்றாமவர் வீட்டில் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள்.

கன்னரின் லாக் புக்கில் தேதி, விமான எண், பைலட் பெயர், இலக்கு, பறந்த நேரம் எல்லாம் பதிவாகியிருக்கும். அந்தத் தேதியையும் பைலட் பெயரையும் வைத்துக்கொண்டு லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏர் 27 வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்குவாட்ரனின் தினப்பதிவும் அங்கே உண்டு. அதில் 540-ஆம் படிவம் பொதுச் சுருக்கம்தான். உங்களுக்கு வேண்டியது 541. குழுவினர் அனைவரின் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், பல சமயம் குண்டுச் சுமையும் வீசிய உயரமும் அதில் கிடைக்கும். மாமனாரின் தனிப்பட்ட பணிப் பதிவு வேறு ஆவணம். அது பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்தது. 2022 முதல் அந்தக் கோப்புகளும் படிப்படியாகக் கியூவுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

கேள்வி: லாக் புக்கில் சில வரிகள் சிவப்பு மை, சில பச்சை. ஓர் இடத்தில் டி.என்.சி.ஓ., இன்னோர் இடத்தில் 1/3, நடுவில் "கார்டனிங்" என்று வேறு. ஒன்றும் விளங்கவில்லை சார். (பர்மிங்காம்)

பெரும்பாலும் சிவப்பு என்றால் இரவுத் தாக்குதல், பச்சை என்றால் பகல் தாக்குதல். டி.என்.சி.ஓ. என்றால் பணி நிறைவேறவில்லை என்று பொருள். இன்ஜின் கோளாறோ வேறு காரணமோ, இலக்கை எட்டாமல் திரும்பியிருக்கிறார்கள். கார்டனிங் என்பது கடலில் கண்ணிவெடி போடுவதற்கான ரகசியப் பெயர்.

அந்த 1/3-க்குப் பின்னால்தான் வேதனையான கதை இருக்கிறது. 30 தாக்குதல் முடித்தால் ஒரு சுற்று நிறைவு, அதன்பின் ஓய்வு. 1944 வசந்த காலத்தில் பிரான்ஸ் இலக்குகள் எளிதானவை என்று மேலிடம் கருதி, அவற்றில் மூன்று போனால்தான் ஒன்றாகக் கணக்கு வைத்தது. மே 3-ஆம் தேதி இரவு மாய்லி லெ காம் என்ற ராணுவ முகாமைத் தாக்கப்போன லங்காஸ்டர்களில் 42 திரும்பவில்லை. அதன்பின் அந்தக் கணக்கு கைவிடப்பட்டது. உங்கள் பதிவேட்டில் 1/3 எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பாருங்கள்.

1945 ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ ஹாலந்து ஊர்ப் பெயரோடு "சப்ளைஸ்" என்று இருந்தால், அது பட்டினியில் கிடந்த டச்சு மக்களுக்கு உணவு மூட்டைகள் போட்ட பயணம். வீட்டில் எதுவுமே பேசாத அப்பாக்கள்கூட இதை மட்டும் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: தாத்தா வால் கன்னர். அவர் வேலை உண்மையில் எப்படி இருந்திருக்கும்? பள்ளிக்கூடத்தில் பேச வேண்டும். (மெல்பர்ன், 9-ஆம் வகுப்பு)

தம்பி, மற்ற ஆறு பேரும் விமானத்தின் முன்பாதியிலும் நடுவிலும் இருந்தார்கள். உன் தாத்தா மட்டும் வாலின் நுனியில் ஒரு சின்னக் கூண்டுக்குள் தனியாக, பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார். பெர்லினுக்குப் போய்வர ஏழெட்டு மணி நேரம் ஆகும். குளிர் மைனஸ் 40 டிகிரிவரை போகும். மின்சாரத்தால் சூடேறும் உடுப்பு உண்டு, பழுதானால் விரல் உறைந்துபோகும். அப்படியிருந்தும் இருட்டில் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கண்முன் இருந்த கண்ணாடிபோன்ற தகட்டைப் பலர் கழற்றிவிட்டே பறந்தார்கள். வழக்கமாகப் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு உட்கார அங்கே இடம் கிடையாது. அது கூண்டுக்கு வெளியே மாட்டியிருக்கும். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து, அதை எடுத்து மாட்டிக்கொண்டுதான் குதிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பல இரவுகளில் அவர் ஒரு குண்டுகூடச் சுட்டிருக்க மாட்டார். எதிரி விமானத்தை முதலில் கண்டு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பைலட்டிடம் கத்துவதுதான் முக்கியமான வேலை. ஏழு உயிரும் அவர் கண்ணை நம்பித்தான் இருந்தன. பள்ளியில் இதைச் சொல்.

கேள்வி: என் கணவரின் அப்பாவுடைய பதிவேடு எட்டாவது தாக்குதலோடு நின்றுவிடுகிறது. காயம் எதுவும் இல்லை. "பயந்து ஓடியிருப்பார், அதனால்தான் பேசவில்லை" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். கணவர் மிகவும் மனமுடைந்து போயிருக்கிறார். (கார்டிஃப்)

அந்த உறவினரிடம் ஆதாரம் கேளுங்கள். பறக்க மறுத்தவர்களுக்கு "லாக் ஆஃப் மாரல் ஃபைபர்" (மன உறுதி இல்லாதவர்) என்று முத்திரை குத்தி, இறக்கைச் சின்னத்தையும் பதவியையும் பறித்த கொடுமை நடந்தது உண்மை. ஆனால் பதிவு பாதியில் நிற்க வேறு காரணங்கள்தான் அதிகம். காது, சைனஸ் கோளாறு வந்தாலே மேலே பறக்க முடியாது. அவர் மருத்துவமனையில் படுத்திருந்த இரவில் மற்ற ஆறு பேரும் வேறொரு கன்னரோடு போய் மடிந்திருக்கலாம். பயிற்சியாளராக மாற்றியிருக்கலாம். முதலில் கியூவில் உள்ள அந்த 541-ஆம் படிவத்தை எடுத்து எட்டாவது தாக்குதலுக்கு அடுத்த சில வாரங்களைப் படியுங்கள். அதே பைலட்டின் பெயர் தொடர்கிறதா, திடீரென்று மறைகிறதா? மறைந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ஒருவேளை அந்த முத்திரைதான் குத்தப்பட்டிருந்தாலும் உங்கள் கணவர் தலைகுனிய வேண்டியதில்லை. பாம்பர் கமாண்டின் விமானக் குழுவினர் ஒவ்வொருவரும் தாமாக முன்வந்தவர்கள். சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் தாக்குதலில் மட்டும் 95 விமானங்கள் திரும்பவில்லை. எட்டு முறை ஏறியவர் எட்டு முறை அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே ஏறினார்.

கேள்வி: பெட்டியில் சின்னத் தங்கப் புழு ஒன்று, சிவப்புக் கண்ணோடு. யாரோ காதலி கொடுத்ததா? (லெஸ்டர்)

இல்லை, உயிர் கொடுத்தது! இர்வின் பாராசூட்டால் உயிர் தப்பியவர்களுக்கு அந்தக் கம்பெனி கொடுத்த கேட்டர்பில்லர் (புழு) கிளப் சின்னம் அது. பின்புறம் பெயர் பொறித்திருக்கும். குதித்தவர் சிறைப்பட்டிருக்கவும் வாய்ப்பு அதிகம். கியூவில் போர்க் கைதிகளின் ஆவணங்களையும் தேடுங்கள்.

கேள்வி: மாமா 102-ஆவது ஸ்குவாட்ரன். அதற்கு "சிலோன்" என்று பெயராம். எங்கள் நாட்டுக்காரர்கள் அதில் இருந்தார்களா, அண்ணா? (டொராண்டோ, பிறந்தது சாவகச்சேரி)

பெயருக்குக் காரணம் பணம். விமானங்கள் வாங்க இலங்கையிலிருந்து நிதி திரட்டி அனுப்பியதற்காக அந்தப் பெயர் வைத்தார்கள். யார்க்ஷயரின் பாக்லிங்டன் தளத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ்களில் பறந்தார்கள். மிக அதிக இழப்பைச் சந்தித்த ஸ்குவாட்ரன்களில் அதுவும் ஒன்று. மாமா கனடாக்காரர் என்றால் அவருடைய பணிக் கோப்பு ஒட்டாவாவில் உள்ள தேசிய நூலக, ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ஸ்குவாட்ரன் பதிவு மட்டும் கியூவில்தான்.

கேள்வி: லாக் புக்கில் ஹாம்பர்க் என்று நான்கு முறை வருகிறது, 1943 ஜூலை கடைசியும் ஆகஸ்ட் தொடக்கமும். இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? (ஆக்ஸ்ஃபோர்டு)

உள்ளபடியே சொல்லுங்கள். ஜூலை 27 இரவு ஹாம்பர்க்கில் எழுந்த தீப்புயலில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் சாதாரண மக்கள், வெந்தும் மூச்சடைத்தும் இறந்தார்கள். நகரங்களையே இலக்காக்குவது 1942 பிப்ரவரியில் மேலிடம் எடுத்த முடிவு. அதைத் தீர்மானித்தவர்களின் வயதும் அதிகாரமும் வேறு, விமானத்தில் இருந்த இருபது வயதுப் பையன்களுடையது வேறு. ஆனால் கீழே இறந்தவர்களுக்கு அந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்? இரண்டையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையம், குண்டு வீசியவர்களோடு குண்டுக்கு அடியில் இருந்தவர்களின் நினைவுகளையும் சேர்த்தே தொகுத்துவைத்திருக்கிறது. அழைத்துப் போங்கள்.

கேள்வி: அப்பாவின் பதக்கங்களில் பெயரே இல்லை. போலியா? (கோவென்ட்ரி)

போலி அல்ல. அந்தப் போரின் பிரிட்டிஷ் நட்சத்திரப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். பாம்பர் கமாண்டுக்கென்று ஒரு சிறு பட்டை 2013-இல்தான் வந்தது. அப்பா வாங்காமல் போயிருந்தால் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மாவின் அப்பா, இவர் பிறப்பதற்கு முன்பே 1944-இல் பறந்துபோய்த் திரும்பவில்லை. ரன்னிமீட் நினைவகத்தில் பெயர் இருப்பதாகச் சொல்கிறார். அழைத்துப் போக ஆசை. போகுமுன் ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா? (ஸ்லவ்)

ரன்னிமீட்டில் இருப்பவை கல்லறை அடையாளம் தெரியாத விமானப்படையினரின் பெயர்கள், 20,000-க்கும் மேல். போருக்குப் பின் காணாமல் போனவர்களைத் தேடவென்றே ஒரு பிரிவு ஐரோப்பா முழுக்க அலைந்தது. ஆகவே குழுவில் மற்றவர்கள் யாருக்காவது ஜெர்மனியிலோ ஹாலந்திலோ கல்லறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் விமானம் விழுந்த இடம் தோராயமாகத் தெரியும். ஒருவருக்குமே இல்லையென்றால் கடலில் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். லிங்கன் மையத்தின் இழப்புப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, குழுவினர் பெயர்களை அதிலேயே எடுக்கலாம்.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் பேனல் எண் வரும், குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் பெயர்கள் ஆண்டுவாரியாகவும் பதவிவாரியாகவும் இருப்பதால் எண் இல்லாமல் தேடுவது சிரமம். அந்த அம்மாவை வெகுநேரம் நிற்கவைக்காதீர்கள்.