நாலு சபை, ஒரு மிஷனரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்,

எங்களது சின்ன சபை. மிஷனரி கமிட்டியில நானும் இருக்கேன். மாசாமாசம் மூணு மிஷனரி குடும்பங்களுக்கு அனுப்புறோம். அதுல ஒருத்தரை பக்கத்துல இருக்கிற இன்னும் மூணு சபையும் தாங்குதுன்னு இப்பதான் தெரிஞ்சுது. அவரோட மனைவி ஆஸ்பத்திரியில இருந்தப்ப நாங்க எல்லாருமே வழக்கமான தொகையை அனுப்பிட்டு, ஜெபிக்கிறோம்னு மெசேஜும் போட்டுட்டு இருந்துட்டோம், அவர் கடன் வாங்கித்தான் பில்லைக் கட்டியிருக்கார். நாலு சபையும் சேர்ந்து செய்யலாமேன்னு நான் கமிட்டியில சொன்னா, "நம்ம காசு அவங்க பேர்ல போகணுமா"ன்னு ஒரு மூப்பர் கேக்கறார், இன்னொருத்தர் ஞானஸ்நானத்துல அவங்க உபதேசமே வேறங்கறார். தனியா ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சா சரியா வருமா? எப்படித் தொடங்கறது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதல்ல டிரஸ்ட் வேண்டாம். டிரஸ்ட்னு வந்தா தலைவர் யாரு செயலாளர் யாருங்கறதுலயே ஒரு வருஷம் ஓடிடும், அதுக்கப்புறம் கணக்கு, லெட்டர்பேட், ஆண்டு விழான்னு போயி, யாருக்காக ஆரம்பிச்சோமோ அந்த மனுஷன் கடைசி வரிசையில உக்காந்திருப்பார். பெரிய ஐக்கியம் எதையும் உருவாக்காதீங்க, அந்த ஒரு குடும்பத்தைச் சுத்தி மட்டும் நாலு சபையும் ஒண்ணு சேருங்க. முதல் வேலையா அந்தக் கடனை நாலு பேரும் பங்கு போட்டு அடைச்சிடுங்க. சேர்ந்து ஒரு காரியத்தைச் செஞ்சு முடிச்சவங்களுக்கு அடுத்ததைப் பேச உக்கார்றது அவ்வளவு கஷ்டமா இருக்காது.

அப்புறம் அவர்கிட்ட ஒரு வருஷத்துக்கு உண்மையா என்ன தேவைன்னு கேளுங்க. ஒருதரம் கேட்டா சொல்லமாட்டார். பெரும்பாலான மிஷனரிங்க தன்னோட தேவையைச் சொல்றதில்ல, நீங்க எவ்வளவு தாங்குவீங்கன்னு மனசுல ஒரு கணக்குப் போட்டு அதைத்தான் சொல்றாங்க. அதனால நீங்களே பட்டியலை எடுத்து வையுங்க: மாசச் செலவு, பிள்ளைங்க படிப்பு, மருத்துவம், போக்குவரத்து, மொழி கத்துக்கற காலத்துச் செலவு, லீவுல வந்தா எங்க தங்குவாங்க, வயசானப்புறம் என்ன பண்ணுவாங்க. கடைசி ரெண்டையும் எந்த சபையும் கேக்கறதே இல்ல. முப்பது வருஷம் ஊழியம் செஞ்சவருக்கு சொந்தமா ஒரு கூரை இல்லாம போறது இப்படித்தான்.

இப்ப முக்கியமான விஷயம். பணத்தைப் பங்கு போடலாம், பொறுப்பைப் பங்கு போடக்கூடாது. மாசத் தொகையில நாலு சபையும் அவங்கவங்க சக்திக்கு ஏத்த மாதிரி போடட்டும், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் போன் பண்ணா எடுக்க வேண்டியது யாருன்னு ஒரே ஒரு சபை பேர் எழுத்துல இருக்கணும். அதைப் பொறுப்புச் சபைன்னு வச்சுக்கங்க. மத்த மூணுல ஒண்ணு மருத்துவத்தைப் பாக்கட்டும், ஒண்ணு பிள்ளைங்க படிப்பை, ஒண்ணு லீவுல வரும்போது வீடும் ஓய்வும். உங்க விஷயத்துல கஞ்சத்தனம் எதுவும் நடக்கல, நாலு பேரும் கொடுத்துட்டுத்தான் இருந்தீங்க, இது யார் தலையில இருக்குங்கறது மட்டும் யாருக்கும் தெரியல.

பவுலுக்கும் ஒரே சபை மட்டும் உதவல. கொரிந்துல அவர் ஊழியம் செஞ்சப்ப செலவைத் தாங்கினது மக்கெதோனியா சபைங்க, அதை அவர் கொரிந்தியருக்கே எழுதிக் காட்டறார். பிலிப்பி சபை பணத்தோட நிக்காம எப்பாப்பிரோதீத்துங்கற ஆளையே பவுல்கிட்ட அனுப்புச்சு, அந்த ஆள் அங்க போயி சாகக் கிடந்து பிழைச்சார். எருசலேம் பரிசுத்தவான்களுக்காக பல சபைங்கள்ல சேர்த்த காணிக்கையை பவுல் தனியா எடுத்துட்டுப் போகல, சபைங்க தெரிஞ்செடுத்த ஆளைக் கூட கூட்டிட்டுப் போனார், யாரும் குறை சொல்லிடக்கூடாதுன்னு காரணத்தையும் 2 கொரிந்தியர் 8-ல எழுதி வச்சிருக்கார். "நாங்க விசுவாசத்துல நடக்கறோம், கணக்கெல்லாம் எதுக்கு"ன்னு கேக்கற ஆளுங்ககிட்ட இந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் பின்னால எப்படிக் கெட்டுப்போகும்ங்கறதுக்கு இங்கிலாந்துலேருந்து வங்காளத்துக்கு மிஷனரியா வந்த வில்லியம் கேரி விஷயத்தையே பாக்கலாம். 1792-ல இங்கிலாந்துல கெட்டரிங்ங்கற ஊர்ல சின்ன சின்ன பாப்திஸ்து சபைகளோட போதகர்கள் கூடி மிஷனரி சங்கத்தை ஆரம்பிச்சப்ப ஒப்புக்கிட்ட மொத்தத் தொகை 13 பவுண்டு, ரெண்டு ஷில்லிங், ஆறு பென்ஸ். அந்த ஊர்ச் சபைப் போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லர்தான் செயலாளர், சாகற வரைக்கும் அவர்தான். சபையையும் மேய்ச்சுக்கிட்டு, ஊர் ஊரா போயி, ஸ்காட்லாந்து வரைக்கும் போயி வேற பிரிவு சபைங்ககிட்டயும் காணிக்கை வாங்கினார். கேரிக்கும் அவருக்கும் நடுவுல இருந்தது நட்பு, ரூல் புக் இல்ல. 1815-ல ஃபுல்லர் போயிட்டார். அதுக்கப்புறம் கமிட்டிக்கு வந்தவங்கள்ல நெறைய பேருக்கு கேரியைக் கடுதாசியில மட்டும்தான் தெரியும், அவங்க கேரி ஊழியம் செஞ்ச செராம்பூர்ல இருந்த மிஷன் சொத்துக்கு யாரு அதிகாரின்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அந்தச் சொத்து பெரும்பாலும் கேரியும் அவர் கூட ஊழியம் செஞ்ச மார்ஷ்மன், வார்டும் சொந்தமா சம்பாதிச்சுப் போட்டது. இழுத்துக்கிட்டே போயி 1827-ல ரெண்டு பக்கமும் பிரிஞ்சுட்டாங்க, திரும்பச் சேர்ந்தது 1837-ல, அப்ப கேரி உயிரோட இல்ல. இதுல யாரும் கெட்டவங்க கிடையாது, ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சவங்க போயிட்டாங்க அவ்வளவுதான். அதனாலதான் சொல்றேன், பொறுப்புச் சபையில அவரை நேர்ல தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேராவது எப்பவும் இருக்கணும். பாஸ்டர் மாறினா சப்போர்ட் நிக்கறது நம்ம சபைங்கள்ல சகஜம், அதுக்கும் காரணம் இதேதான், பாஸ்டருக்குத் தெரிஞ்ச மிஷனரியா இருந்தாரே தவிர சபைக்குத் தெரிஞ்சவரா இருக்கல.

எல்லாத்தையும் ஒரே பொது நிதியில போட்டுடலாமேன்னும் உங்களுக்குத் தோணலாம். அமெரிக்காவுல தெற்கு பாப்திஸ்து சபைங்க 1925-லேருந்து அப்படித்தான் செய்றாங்க, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்தாபனத்து ஆளும் சபை சபையா ஏறி இறங்கிக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. மிஷனரி பணத்துக்காக அலையவேண்டாம்ங்கறது பெரிய நிம்மதிதான். ஆனா ஆயிரக்கணக்கான சபைங்களுக்குப் பொருந்தற ஏற்பாடு அது, நாலு சபைக்குத் தேவையில்ல, உங்களுக்கு இருக்கிற ஒரே வசதி ஆளைப் பேர் சொல்லித் தெரியும்ங்கறதுதான், அதை எதுக்கு விடணும்?

உபதேசம் பத்தி. மூப்பர் சொல்றதை லேசா தள்ளிடாதீங்க, புதுசா சபை நடற எடத்துல ஞானஸ்நானம் எப்படிக் கொடுக்கறதுங்கற கேள்வி வரத்தான் செய்யும். அதை மிஷனரி எந்தச் சபையைச் சேர்ந்தவரோ அந்தச் சபை வழக்கப்படி நடக்கட்டும்னு முதல்லயே பேசி முடிச்சிடுங்க, ஒத்துக்க முடியாதவங்க மருத்துவத்தையோ பிள்ளைங்க படிப்பையோ எடுத்துக்கட்டும், ஜுரத்துக்கு மாத்திரை வாங்கித் தர்றதுல உபதேச வித்தியாசம் கிடையாது. 1910 எடின்பரோ மிஷனரி மாநாட்டுலயே சபைங்களுக்குள்ள வேறுபாடு இருக்கிற உபதேச விஷயங்களை எடுக்கக்கூடாதுன்னு விதி போட்டுத்தான் கூட்டம் நடத்தினாங்க.

உண்மையில இந்த மாதிரி முயற்சியைக் கெடுக்கறது உபதேசத்தைவிட அந்த முதல் மூப்பர் கேட்ட கேள்விதான். யார் பேர்ல போகுது. காலண்டர்ல யார் போட்டோ, மிஷனரி ஞாயித்துக்கிழமை யார் சபையில பேசுவார். அவர் லீவுல வந்தா நாலு சபையும் கூட்டம் வச்சு நாலு ரிப்போர்ட் கேக்கறதை முதல்ல நிறுத்துங்க. ஒரே கடிதம், அதை நாலு சபையிலயும் வாசிங்க. ஒரே நாள் எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டம், மத்த நாள் அவரைத் தூங்க விடுங்க. மூப்பர்கிட்ட வாதம் பண்ணவேண்டாம், அவரையே மருத்துவப் பொறுப்புக்குப் போடுங்க, ஒருதரம் ஆஸ்பத்திரியில நின்னுட்டா பேர் பத்திக் கேக்கமாட்டார்னு நினைக்கறேன்.

ஒரு சபையால முடியலன்னா விலகலாம், ஆனா ஆறு மாசம் முன்னாடி சொல்லணும், அதையும் எழுதிக்கங்க.

அவர் ஏதாவது மிஷன் ஸ்தாபனத்துக்குக் கீழ இருக்காரான்னு நீங்க எழுதல. இருந்தா அவங்களைக் கேக்காம எதுவும் ஆரம்பிக்காதீங்க. சில ஸ்தாபனங்கள்ல எல்லாருக்கும் ஒரே அளவுதான், நீங்க தனியா இவர் கையில கூடக் கொடுத்தா கூட வேலை செய்றவங்களோட சங்கடம் வந்து நிக்கறது இவருக்குத்தான். முதல் போனை அங்க போடுங்க, மூணு சபைக் கமிட்டியையும் அப்புறம் பாக்கலாம்.