வைஃபை முழுசாகக் காட்டுகிறது, ஆனால் நெட் வரவில்லை. கம்ப்ளைன்ட் கொடுப்பதற்கு முன் நாமே எதையெல்லாம் பார்க்கலாம்?

ஃபைபர் இணைப்பு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். போனில் தெரியும் வைஃபை கோடுகள் உங்கள் போனுக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும். மோடத்துக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது.

எதைச் செய்தாலும், மோடத்தின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் மட்டும் செய்யாதீர்கள். கம்பெனி உள்ளே போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (கம்பெனியின் நெட்வொர்க்கில் உங்கள் இணைப்புக்கான அடையாள எண்) எல்லாம் அழிந்துபோகலாம். பிறகு ஆள் வந்து திரும்பப் போட்டால்தான் உண்டு. ரீஸ்டார்ட் என்றால் சுவிட்சை அணைத்துப் போடுவது, அவ்வளவுதான்.

இனி மோடத்தில் உள்ள விளக்குகள். எல்ஓஎஸ் (LOS, ஒளி இழப்பைக் காட்டும் விளக்கு) சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் மெல்லிய வயரைப் பாருங்கள். மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருந்தாலோ, கூர்மையாக மடங்கியிருந்தாலோ ஒளி அங்கேயே கசிந்துவிடும். அதன் வளைவு டீ கிளாஸின் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. பச்சை முனையைக் கழற்றி 'டிக்' என்று உட்காரும்படி மறுபடி செருகுங்கள். நுனியை விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. இதற்கும் சிவப்பு போகவில்லையென்றால் வெளியே வயர் அறுந்திருக்கலாம். அணில் கடித்த இடத்தை டேப் சுற்றிச் சரிசெய்ய முடியாது, மெஷின் வைத்து ஒட்ட வேண்டும்.

பான் (PON, ஃபைபர் வழியே கம்பெனியோடு தொடர்பு இருப்பதைக் காட்டும்) விளக்கு பச்சையாக நிலைத்து நிற்கிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் இல்லை என்றால் லாகின் ஆகவில்லை என்று பொருள். ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் பழைய லாகின் சர்வரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஐந்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுப் போடுங்கள். உடனே போட்டால் பல நேரம் பலன் இருக்காது.

விட்டு விட்டு வருகிறதா? மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் திறந்து ஆர்எக்ஸ் பவரை, அதாவது மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) வரை கவலையில்லை. மைனஸ் 27-ஐத் தொட்டால் ஒளி பலவீனம், இணைப்பு அறுபடத் தொடங்கும். கம்ப்ளைன்ட் கொடுக்கும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்' என்ற பதிலைத் தாண்டிப் பேச்சு நகரும்.

எல்லா விளக்கும் சரி, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை. கம்ப்யூட்டரில் 8.8.8.8-க்கு பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் சிக்கல், நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 போடுங்கள். ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போனில் மட்டும் வரவில்லையென்றால், விளம்பரத்தைத் தடுக்க எப்போதோ போட்ட பிரைவேட் டிஎன்எஸ் இருக்கிறதா பாருங்கள். அதை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள்.

வேகக் குறைவை வைஃபையில் அளக்காதீர்கள். லேன் கேபிள் போட்டு அளந்து, 200 எம்பிபிஎஸ் பிளானில் 95-க்கு மேல் ஏறவே இல்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே உள்ள எட்டுக் கம்பிகளில் ஒன்று விட்டுப்போனாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம். மோடத்தின் லேன் போர்ட்டே 100 மட்டும்தான் தாங்கும் என்ற மாடல்களும் உண்டு. லேனில் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால், மோடத்தை டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள். வைஃபையில் இரண்டு அலைவரிசைகள் உண்டு: அதே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ், இரண்டு சுவர் தாண்டி என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பயன்படுத்துங்கள். அடுக்குமாடியில் மோடத்தின் செட்டிங்ஸில் 2.4-ஐ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்து 1, 6, 11 சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

மோடம் தானாக அணைந்து அணைந்து வந்தால் அடாப்டர் சோர்ந்திருக்கும். புதிது வாங்கும்போது வோல்ட் அச்சு அசலாக அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். மினி யுபிஎஸ் வாங்கினாலும் இதே கணக்குதான்.