கொண்டைக்குருவியும் என் மகனும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரத்துக்கு அருகே சிறிய ரப்பர் தோட்டமும் வீடுமாக இருக்கிறோம். ஆசிரியப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சென்னையில் கணினி வேலையில் இருந்த என் இளைய மகனை, ஆட்குறைப்பு என்று சொல்லி நிறுவனம் அனுப்பிவிட்டது. அவனுக்கு வயது 26. ஏழு மாதங்களாக வீட்டில்தான் இருக்கிறான். பகலில் தூங்குகிறான், இரவில் அறையில் விளக்கு எரிகிறது.

மாசியில் பால்வெட்டை நிறுத்தியிருந்ததால் எனக்குக் காலை வேலை இல்லை. அடுக்களைக்குப் பின்னால் உட்கார்ந்து, செம்பருத்தியில் கூடு கட்டிய கொண்டைக்குருவி இணையைக் கவனிக்கத் தொடங்கினேன். முதல் கூட்டின் முட்டைகளைச் செம்போத்து தின்றுவிட்டது. சில நாட்களிலேயே அவை அதே செடியின் மறுபக்கத்தில் புதுக்கூடு கட்டின. மூன்று முட்டைகள், ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாத்தன, குஞ்சுகள் மேலும் இரண்டு வாரம் கூட்டில் இருந்தன. நடுவே பெய்த கோடை மழையில் கூடு தப்பியது; இரவோடு இரவாகப் பழைய குடையொன்றை அதன்மேல் கட்டியவன் மகன்தான் என்று மனைவி பிறகு சொன்னாள். பங்குனிப் பாதியில் ஒரு காலை கூடு வெறுமையாக இருந்தது. அன்றோடு நானும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

சித்திரை முதல் நாள் கனி கண்டு, பிள்ளைகளுக்குக் கைநீட்டம் கொடுக்கும்போது, என் தங்கை குடும்பத்தார் முன்னிலையில் அவனிடம், "ஒரு மாதத்தில் குருவிக்குஞ்சுகூடப் பறந்துவிட்டது" என்று சொல்லிவிட்டேன். அவன் பணத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அன்று முதல் சாப்பாட்டுத் தட்டை அறைக்கே எடுத்துச் செல்கிறான். நான் சொன்னதில் என்ன தவறு?

— ஒரு தகப்பன்

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் கவனமாகப் பார்ப்பவர் என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனால் பார்வையை ஒரு வாரம் முன்னதாக முடித்துக்கொண்டீர்கள். கூட்டை விட்டிறங்கும் கொண்டைக்குருவிக் குஞ்சுக்கு வால் முழுதாக வளர்ந்திருக்காது. தாழ்ந்த கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தாவுவதே அதற்குப் பெரும்பாடு. புதருக்குள் ஒளிந்துகொண்டு வாயைத் திறந்து கத்தும் அதற்குத் தாயும் தந்தையும் மேலும் பல நாட்கள் இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன. நீங்கள் வெறுமையாகக் கண்ட அந்தக் கூட்டுக்குப் பத்தடி தள்ளி, செடிமறைவில் அந்த வேலை நடந்துகொண்டிருந்திருக்கும். "பறந்துவிட்டது" என்பது நீங்கள் அதற்குக் கொடுத்த பெயர்.

முதல் கூடு போன செய்தியையும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். முட்டை பறிபோன குருவியிடம் "இப்போது எங்கே வேலை?" என்று கேட்க உறவுக்காரர் யாரும் வரவில்லை. அதனால் அது வேகமாக எழுந்தது என்று சொல்ல வரவில்லை. குருவியின் நாட்கணக்கை மனிதனுக்கு வைத்துப் பார்ப்பதே பொருந்தாது என்கிறேன். உங்கள் மகன் இழந்தது சம்பளத்தை மட்டுமன்று. இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அடையாளமும் அதோடு போயிற்று. விசேஷ வீடுகளில் அவன் தலைகாட்டாமல் இருந்தால், சோம்பல்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குருவியைத்தான் உவமையாக்க வேண்டும் என்றில்லையே, உங்கள் தோட்டமே இருக்கிறதே. இலை உதிர்த்துத் தளிர்விடும் வாரங்களில் ரப்பர் மரத்தில் கத்தி வைக்காமல் ஓய்வு கொடுக்கிறீர்கள். அந்த மரத்தை ஒருநாளும் நீங்கள் சோம்பேறி என்று ஏசியிருக்க மாட்டீர்கள். (இந்த உவமையையும் அவனிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள், ஐயா. உவமைகளால் அவன் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறான்.)

எனக்கு நம்பிக்கை தருவது அந்தக் குடைதான். எதிலும் பற்றில்லாமல் கிடப்பதாக நீங்கள் நினைக்கும் பிள்ளை, நடு இரவில் மழைச் சத்தம் கேட்டு எழுந்து, கூட்டை நினைத்து, கயிறு தேடி, நனைந்துகொண்டு அதைக் கட்டியிருக்கிறான். நீங்கள் பார்த்த அதே கூட்டை அவனும் ஜன்னல் வழியாகப் பார்த்துவந்திருக்க வேண்டும். அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசினீர்களா?

இருப்பினும் அந்தக் குடையை வைத்து எல்லாம் சரியாக இருப்பதாக நான் முடிவு செய்யவில்லை. உறக்கம் தலைகீழாவது, விருப்பமானவற்றில் ஈடுபாடு குறைவது, பசியின்மை, தன்னையே பழித்துக்கொள்வது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவர் பார்த்தே அதைச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு, "வா, கொண்டுபோகிறேன்" என்று உத்தரவிடாமல், "நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டு அழைத்துச் செல்லுங்கள். நேரில் வரத் தயங்கினால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் அவனே தமிழில் பேசலாம். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அவன் அறை வாசலில் நின்று, "கனியன்று எல்லார் முன்னிலும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லுங்கள். பின்னால் "ஆனால்" சேர்க்க வேண்டாம். அவன் பதில் சொல்லாவிட்டாலும் அப்போதைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு உங்கள் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து அவரிடமும் அதையே சொல்லுங்கள். நான்கு பேர் கேட்கச் சொன்ன சொல்லை அறை வாசலோடு திரும்பப் பெற முடியாது. தவிர, அத்தைமார் இத்தகைய செய்தியை மருமகனிடம் சொல்லாமல் வைத்திருப்பதில்லை.