ஒரே கட்டத்தில் '1,4,12': லைக் தேடல் தப்பாக வருவது ஏன்?

வணக்கம் நண்பரே. மாணவர் டேபிளில் 'பாடங்கள்' என்ற கட்டத்தில் '1,4,12' என்று சேர்த்து வைத்திருக்கிறீர்கள். பாடம் 1ஐ லைக் (LIKE, எழுத்துச் சரத்துக்குள் ஒரு துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் தேடல்) போட்டுத் தேடினால், 12 மட்டும் எடுத்தவரும் வந்து நிற்கிறார் என்கிறீர்கள். வரத்தான் செய்வார். டேட்டாபேஸுக்கு அது மூன்று எண்கள் இல்லை, வெறும் எழுத்துச் சரம்.

லைக்கைத் தட்டிக்கொட்டிப் பயனில்லை. 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட், தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறையை முன்வைத்தபோதே கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்று பிரித்து வைப்பதைப் பேசிவிட்டார்.

மாணவர், பாடம் இரண்டும் தனித்தனி டேபிளாக இருக்கட்டும். நடுவே 'பதிவு' என்று இன்னொன்று: மாணவர் எண், பாட எண், அவ்வளவுதான். 7ஆம் எண் மாணவருக்கு (7,1), (7,4), (7,12) என மூன்று வரிசைகள். இரண்டு எண்களையும் சேர்த்தே பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) ஆக்கினால் ஒரே பதிவு இரண்டு முறை விழாது. (அரியர்காரர்கள் மறுபடி எடுப்பார்கள் என்றால் செமஸ்டரையும் கீயில் சேருங்கள்.) பாட எண்ணுக்கு ஃபாரின் கீ (இன்னொரு டேபிளில் உள்ள மதிப்பைத்தான் ஏற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு) கொடுத்தால் இல்லாத பாட எண் உள்ளே நுழையாது. நீங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸ் எஸ்க்யூலைட் (SQLite) என்றால் மட்டும் கவனம்: வழக்கமாக ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் ஃபாரின் கீ சோதனையை நீங்களே ஆன் செய்ய வேண்டும்.

அப்புறம் 'பதிவு' டேபிளில் பாட எண் = 1 என்று கேட்டு, மாணவர் எண் வழியாக மாணவர் டேபிளோடு ஜாயின் போடுங்கள், அதாவது இரண்டையும் இணைத்துப் பாருங்கள். 12 எடுத்தவர் வரமாட்டார்.