வெயில் குறையாத நாளில் வந்து நிற்கும் இலையுதிர்காலம்: ஹைக்கூ கேள்வி பதில்

பழைய ஜப்பானிய ஹைக்கூவில் இலையுதிர்காலம் எப்படி வந்து சேருகிறது என்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கவிதைகளின் தமிழாக்கம் என்னுடையது. 5-7-5 ஓசைக் கணக்கைத் தமிழில் காப்பாற்ற நான் முயலவில்லை, பொருளையும் காட்சிகள் வரும் வரிசையையும் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, ஆகஸ்ட் 7ஆம் தேதியே இலையுதிர்காலம் தொடங்கிவிடும் என்று ஒரு ஹைக்கூ குறிப்பில் படித்தேன். அது அச்சுப் பிழையா?

பிழை இல்லை தம்பி. சூரியனின் நகர்வை வைத்து ஆண்டை 24 பருவப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. அதில் இலையுதிர்காலத்தின் முதல் நாளுக்கு ரிஷ்ஷூ என்று பெயர். ஆகஸ்ட் 7 அல்லது 8இல் வரும், நம் ஆடி மாதம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று தேதிவாக்கில். நவம்பர் 7, 8 வாக்கில் குளிர்காலம் தொடங்கும்வரை ஹைக்கூவில் இலையுதிர்காலம்தான்.

ஆனால் ரிஷ்ஷூ அன்றைக்கு ஜப்பானில் கொளுத்தும். நான் கியோட்டோவில் இருந்த முதல் வருடம் அன்று காலை தொலைக்காட்சியில் வானிலை சொன்னவர், “நாள்காட்டிப்படி இன்றிலிருந்து இலையுதிர்காலம்” என்றார், அடுத்த வரியிலேயே 37 டிகிரி போகும், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ரிஷ்ஷூவுக்கு முன்பு ஒருவரை நலம் விசாரித்து அஞ்சலட்டை எழுதினால் அது ‘கோடை நலவிசாரிப்பு’, அன்றிலிருந்து அதே வெயிலுக்கு ‘எஞ்சிய வெயில்’ என்று பேர் மாறிவிடும். எஞ்சிய வெயில், அதாவது ஸான்ஷோ, ஹைக்கூவில் இலையுதிர்காலத்தைக் குறிக்கும் சொல். வெயில் அதேதான், ஆனால் இனி அது விருந்தாளி இல்லை, கிளம்ப மனமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர். இந்த ஒரு நாள் வித்தியாசத்தில்தான் இந்தக் கவிதைகள் எல்லாம் நிற்கின்றன.

இலை உதிரவே இல்லையென்றால் வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

காதை வைத்து. இதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வேர் இருக்கிறது. 905இல் அரச ஆணைப்படி தொகுக்கத் தொடங்கிய கொகின்ஷூ என்ற தொகை நூலில் இலையுதிர்காலப் பகுதியின் முதல் கவிதை ஃபுஜிவாரா நோ தொஷியுகி எழுதியது. அது ஹைக்கூ இல்லை, ஐந்து அடி கொண்ட வாகா. பொருள் இவ்வளவுதான்: இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் காற்றின் ஓசை கேட்டுத் திடுக்கிட்டேன்.

இந்தத் ‘திடுக்கிடுதல்’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்தவர்கள் இதை விடவே இல்லை. ஹைக்கூக் கவி பாஷோ 1689இல் வடக்கே நடந்துபோன நெடும் பயணத்தில், கனசாவா நகரத்துப் பக்கம் எழுதியது:

செக்கச்செவேலென
ஈரமில்லாமல் எரிகிறது வெயில், ஆனாலும்
இலையுதிர்காலக் காற்று

கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கோடை. தோலில் படுவது மட்டும் வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் வைத்துவிட்டார். “குளிர்ந்த காற்று” என்றுகூடச் சொல்லவில்லை பாருங்கள், பருவத்தின் பெயரோடு நிறுத்திவிட்டார், குளிர்ச்சி தானே வந்து சேருகிறது.

பாஷோ பற்றித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பூசோன் இந்த விஷயத்தில் எப்படி, மேடம்?

என்னைக் கேட்டால் பருவ வருகையைப் பாடியதில் பூசோனை மிஞ்ச ஆளில்லை. அவர் ஓவியர், 1716இல் பிறந்து 1784 தொடக்கத்தில் கியோட்டோவில் இறந்தவர். தொஷியுகியின் திடுக்கிடுதலை எடுத்து ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கிறார்.

கண்ணாடிக்குள் மீன்
திடுக்கிட்டது
இன்று காலை இலையுதிர்காலம்

முதலில் காட்சியைப் பாருங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் மீன், தண்ணீர் அசையாமல் இருக்கிறது, திடீரென்று மீன் ஒரு வெட்டு வெட்டித் திரும்புகிறது. காற்று கண்ணாடிக்குள் போகாது, ஓசையும் அவ்வளவாகப் போகாது. பின் எதைக் கேட்டுத் திடுக்கிட்டது? தண்ணீரின் சூடு ஒரு இழை குறைந்ததா? பூசோன் சொல்லமாட்டார். பழைய கவிதை தெரிந்த வாசகருக்கு “மனிதனுக்கு முன்னால் மீனுக்குத் தெரிந்துவிட்டது” என்ற சந்தோஷமும் கூடக் கிடைக்கும். இன்னொன்றில் நாள் பார்த்துக் குறி சொல்லும் அரசவைச் சோதிடரே எதற்கோ திடுக்கிடுகிறார், எந்த நாளில் பருவம் மாறும் என்று ஊருக்குச் சொல்கிறவர் அவர்தான். மற்றொன்றில் ஒரு தும்மல் வருகிறது, சரி, இலையுதிர்காலம்தான் என்று ஒப்புக்கொள்ள வைக்கிறது, அவ்வளவுதான் கவிதை.

எனக்கு மிகவும் நெருக்கமானது இது:

வறுமை என்னை
எட்டிப் பிடித்துவிட்டது
இன்று காலை இலையுதிர்காலம்

உழைப்பவனை வறுமை எட்டிப் பிடிக்காது என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. அதைத் தலைகீழாக்கியிருக்கிறார். கோடை முழுக்க ஓடியும் பின்னால் வந்த காலடி ஓசை இன்று காலை பக்கத்தில் வந்துவிட்டது. குளிர்காலத் துணி வாங்க வேண்டும் என்ற கவலை அந்த ‘இன்று காலை’க்குள் இருக்கிறது. கெசா நோ அகி, ‘இன்று காலை இலையுதிர்காலம்’ என்பது ரிஷ்ஷூ நாளின் விடியலுக்கென்றே உள்ள தொடர். நேற்று இரவு படுத்தபோது கோடை, எழுந்தபோது வேறு.

உதிர்ந்த இலை, சிவந்த மேப்பிள் எல்லாம் வருகையைக் காட்டாதா?

காட்டாது. இந்த இடத்தில் நம் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. ‘இலையுதிர்காலம்’ என்று சொன்னவுடன் இலை விழ ஆரம்பித்துவிடுகிறது நம் மனதில். ஹைக்கூவில் ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு பருவச்சொல் வேண்டும், கிகோ என்பார்கள். அவற்றைத் தொகுத்து வைத்திருக்கும் அகராதி சைஜிகி. அதில் சிவந்த இலை பருவத்தின் கடைசிப் பகுதிக்கு உரியது, தரையில் கிடக்கும் உதிர்ந்த இலையோ குளிர்காலச் சொல்! ‘கூதிர்’ என்று மாற்றலாமா என்று யோசித்தேன், அது ஐப்பசி, கார்த்திகைக் குளிர், அதுவும் பொருந்தவில்லை. அதனால் பழகிய சொல்லையே வைத்துக்கொண்டேன்.

விதிவிலக்காக ஒரே ஒரு இலை உண்டு, கிரி மரத்து இலை. விசிறி அளவுக்கு அகலமானது. ஒரு இலை விழுந்தால் உலகத்துக்கு இலையுதிர்காலம் வந்தது தெரியும் என்பது பழைய சீன வழக்கு, அதனால் ‘கிரி ஒற்றை இலை’ முதல் பகுதிக்கு உரிய சொல். ஹைக்கூக் கவி தகஹாமா கியோஷி 1906இல் எழுதியது:

கிரி மரத்து ஒற்றை இலை
வெயில் பட்டபடியே
விழுந்தது

எதுவும் நடக்கவில்லை போலத்தான் இருக்கும். மெதுவாகப் படியுங்கள். இலை கிளையில் இருந்தபோது வெயில், விழும் வழியெங்கும் வெயில், தரையிலும் வெயில்தான். காற்றுகூட இல்லை.

காலையில் மலரும் அசகாவோ பூ கோடைப் பூ தானே, அதை ஏன் இந்தப் பருவத்தில் சேர்த்தார்கள்? தனபத்தா என்ற நட்சத்திர விழாவும் ஜூலையில்தானே வருகிறது?

நாள்காட்டிக் குழப்பம். பழைய சந்திரக் கணக்கில் ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்கள் இலையுதிர்காலம். ஏழாம் மாதம் ஏழாம் நாள் தனபத்தா, அது அந்தப் பருவத்தின் தொடக்கம். 1873இல் ஜப்பான் ஐரோப்பிய நாள்காட்டிக்கு மாறியபோது பல ஊர்களில் விழா ஜூலை 7க்குத் தாவி மழைக்காலத்தின் நடுவில் விழுந்துவிட்டது. செந்தாய் நகரில் இன்றும் ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறார்கள், கிட்டத்தட்ட பழைய இடத்தில். சைஜிகியோ தனபத்தாவையும் பால்வீதியையும் இலையுதிர்காலத்திலேயே வைத்திருக்கிறது. அசகாவோவும் அப்படித்தான். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் தொட்டியில் வளர்க்கும் கொடி அது. ஆனால் சியோ என்ற பெண் கவி, கிணற்று வாளியை அசகாவோக் கொடி சுற்றிக்கொண்டதால் அதை அறுக்க மனமின்றிப் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கியதாக எழுதினாரே, அந்தக் காலை முன்-இலையுதிர்காலக் காலை. அது தெரிந்து படித்தால் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியே வேறு.

நிலா எந்தப் பருவம்?

வெறுமனே நிலா என்றால் இலையுதிர்காலம். மற்ற பருவத்து நிலாவுக்கு அடைமொழி போடவேண்டும். பனித்துளி, கத்தும் பூச்சிகள், இவையும் அப்படியே. ஹைக்கூக் கவி இஸ்ஸா 1819இல் தன் சின்னஞ்சிறு மகள் சாத்தோ அம்மையில் இறந்தபோது, இந்தப் பனித்துளி உலகம் பனித்துளி உலகம்தான், ஆனாலும், ஆனாலும் என்று எழுதினார். அதிலும் பருவச்சொல் பனித்துளிதான்.

தமிழில் எழுதும்போது ஜப்பானியப் பருவச்சொற்களை எடுக்கலாமா, அக்கா?

வேண்டாம் என்பேன், நீங்கள் ஜப்பானில் வாழ்ந்தால் ஒழிய. ஹைக்கூ தமிழுக்குப் புதிதாக வந்த வடிவம்தான், பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியதிலிருந்து பேச்சு தொடங்கியது. ஆனால் பருவத்தோடு உணர்வைக் கட்டிவைப்பது நமக்குப் புதிதில்லை. குறுந்தொகை 66இல் கார்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. தோழி என்ன சொல்கிறாள்? இந்தக் கொன்றை மரங்கள் மடத்தனமானவை, பருவமில்லாத மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டன என்கிறாள். மீனுக்கு முன்னமே தெரிந்தது பூசோனிடம், மரம் ஏமாந்தது இங்கே. பருவம் வந்ததா இல்லையா என்பதே கவிதையாக இருப்பது இரண்டிலும் ஒன்று. அந்தக் கூர்மையை எடுத்துக்கொள்ளுங்கள், மேப்பிள் மரம் வேண்டாம்.

எழுதுவது எல்லாம் உண்மையில் நடந்திருக்க வேண்டுமா?

பூசோனின் ஒரு கவிதையில் கணவன் படுக்கையறை இருட்டில் இறந்துபோன மனைவியின் சீப்பை மிதித்துவிடுகிறான், குளிர் உடம்புக்குள் ஊடுருவுகிறது. ‘உடம்பில் ஊடுருவுவது’ இலையுதிர்காலச் சொல். அவர் மனைவி தொமோ அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தார். ஆக, நடக்கவேண்டும் என்றில்லை. ஆனால் காலில் பட்ட அந்தச் சீப்பு உண்மையாக இருக்க வேண்டும், அதன் பற்கள் பாதத்தில் குத்தவேண்டும்.

டொரோண்டோவிலிருந்து எழுதுகிறேன் மேடம். என் கவிதை: “இலைகள் உதிர்கின்றன / இலையுதிர்காலம் வந்துவிட்டது / மனமெங்கும் வெறுமை”. கருத்துச் சொல்லுங்கள். இன்று காலை டீ போட எழுந்தபோது சமையலறைத் தரை காலில் சில்லென்றது, அந்த நேரத்தில் வந்த வரிகள் இவை.

முதல் இரண்டு வரியும் ஒரே விஷயம், மூன்றாவது வரி வாசகர் உணரவேண்டியதை நீங்களே சொல்லிவிடுவது. மூன்றையும் எடுத்துவிடுங்கள், வருத்தப்படாதீர்கள், கவிதை கேள்வியின் கடைசி வாக்கியத்தில் பத்திரமாக இருக்கிறது. வெறுங்கால், சமையலறைத் தரை, இன்னும் கொதிக்காத தண்ணீர். நேற்றுவரை அந்தத் தரை உங்களுக்கு இருந்ததாகவே தெரிந்திருக்காது. அங்கே தொடங்கி, டீ கொதிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். எழுதியதும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.