மார்பில் வைத்த கை

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு நாலரை வயது. வேர்க்கடலை அலர்ஜி. போன தை மாதம் ஒரு காதுகுத்து விசேஷத்தில் இட்லிக்கு வைத்த சட்னியில் கடலை சேர்த்து அரைத்திருக்கிறார்கள். பத்தே நிமிடத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதிலிருந்து ராத்திரி அவன் மார்பில் கை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். "மாசமா இருக்கையில கடலையா தின்னியே, அதான்" என்கிறார் மாமியார். "ரொம்பத்தான் பயப்படறே" என்கிறார் கணவர். இப்போது எல்கேஜி போகிறான். ஸ்கூலிலிருந்து போன் வந்தாலே கை உதறுகிறது. எனக்குத்தான் ஏதாவது கோளாறா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. என் மகளுக்கு முந்திரி ஆகாது. அவளுக்கு ஆறு வயதில் ஒரு கல்யாணப் பந்தியில், "முந்திரியே இல்லம்மா, எல்லாத்தையும் பொறுக்கிட்டேன்" என்று பொங்கல் வைத்தார் பரிமாறியவர். அடியில் பாதிப் பருப்பு ஒன்று கிடந்தது. "அம்மா, தொண்டைல என்னமோ இருக்கு" என்றாள். காது மடல் ரத்தமாகச் சிவந்திருந்தது. நாலு வருடமாகிவிட்டது. நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை வந்தால் இன்றும் எனக்கு வயிறு பிசைகிறது. பிள்ளை மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தவளுக்குப் பயம் இல்லாமல் எப்படி இருக்கும்?

மாமியார் சொல்வதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கர்ப்பத்தில் கடலை தின்றதால் அலர்ஜி வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே, அலர்ஜி வர வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு 3 வயது வரை கடலை கொடுக்காதீர்கள் என்று 2000இல் சொன்னது. 2008இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015இல் லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு, சீக்கிரமே கொடுத்துப் பழக்கிய குழந்தைகளுக்குத்தான் கடலை அலர்ஜி வெகுவாகக் குறைந்தது என்று காட்டியது. (அலர்ஜி வந்துவிட்ட பிள்ளைக்கு இதை வீட்டில் முயன்று பார்த்துவிடக் கூடாது.) பெரிய பெரிய டாக்டர்களே மாற்றிச் சொன்ன விஷயத்துக்கு நீங்கள் ஏன் பழி சுமக்க வேண்டும்?

உங்களை வாட்டுவது பயம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். வீட்டில் நீங்கள் ஒருத்திதான் காவல். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பது நீங்கள், பிறந்தநாள் சாக்லேட்டுக்காக மிஸ்ஸிடம் கெஞ்சுவதும் நீங்கள். கடலை, பால், முட்டை மாதிரியானவை இருந்தால் பாக்கெட்டின் மேல் எழுதியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பந்திச் சட்னிக்கு ஏது லேபிள்? அங்கே உங்கள் கண்தான் லேபிள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அலர்ஜி முற்றினால் உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்து, வெளிநாட்டில் போல பேனா மாதிரி ஊசியாக இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. மருந்தும் சிரிஞ்சும் தனித்தனியாக என் கைப்பையில் இருக்கும். எவ்வளவு ஏற்றுவது, தொடையின் வெளிப்பக்கத்தில் எப்படிக் குத்துவது என்பதெல்லாம் எனக்கு மட்டுமே தெரியும். ஒருநாள் டாக்டர் என் கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சிரிஞ்சில் வெறும் தண்ணீரை ஏற்றிச் சாத்துக்குடியில் குத்தச் சொன்னார். முதல் தடவை அவர் கை நடுங்கியது. நாலாவது தடவை சரியாகக் குத்தினார். ஊசி போட்டதும் சரியாகிவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது, சில மணி நேரம் கழித்து அலர்ஜி திரும்ப வரலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னதை என்னைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அன்று ராத்திரி நான் விடிய விடியத் தூங்கினேன்.

அடுத்த முறை டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். கணவரையும் மாமியாரையும் கூட்டிப் போங்கள். கடலைக் கதையை மாமியாருக்கு டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குத் தூக்கம் இல்லை என்பதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். போகும்போது பையில் ரெண்டு சாத்துக்குடி எடுத்துக்கொள்ளுங்கள்.